பஞ்சு ரொட்டி பசியாற்றுமா?

"பசியாறியாச்சா?" காலையில் ஒருவரையொருவர் கண்டால், வணக்கத்திற்கும் முன்பாக நம் மக்கள் கேட்கும் கேள்வி இது. நம் பெற்றோர் காலத்தில் இதற்குப் பலவாறாகப் பதில் வரும். பழைய சோறும் கருவாடும் என்பார் ஒருவர். தோசை என்பார் மற்றொருவர். கஞ்சி என்பார் வேறொருவர். இன்று லயத்திலும் கேளுங்கள், அடுக்குமாடி வீட்டிலும் கேளுங்கள், பதில் ஒன்றுதான். "ரெண்டு துண்டு ரொட்டி, ஒரு தேத்தண்ணி."

தோழர்களே! அந்த இரண்டு துண்டைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. ரொட்டியைப் பற்றி எழுத ஒரு தொழிற்சங்க ஏடா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சம்பளத்தைப் பற்றி எழுதலாம், அந்தச் சம்பளம் வயிற்றுக்குள் என்னவாகப் போகிறது என்பதைப் பற்றி எழுதக்கூடாதா?

சில மாதங்களுக்கு முன் செபராங் பிறையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஒரு காலத்தில் முழுவதும் ரப்பர், இப்போது செம்பனை. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி ஓய்ந்துவிட்ட ஓர் அம்மா இருக்கிறார். காலில் ஆறாத புண். இனிப்பு நீர் நோய். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சோறு ஆகாதுன்னு விட்டுட்டேன் தம்பி. காலையிலே நாலு துண்டு, ராத்திரிக்கு நாலு துண்டு, ரொட்டிதான். அப்படியும் இனிப்பு இறங்க மாட்டேங்குது." பேசிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து, டின் பால் ஊற்றிய தேத்தண்ணீரில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சோற்றை விட்டு ரொட்டிக்கு மாறச் சொன்னது யார் என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், மருமகள், கடைக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் உடன் உட்கார்ந்திருந்தவர்! இத்தனை பேர் சேர்ந்து சொன்ன ஒரு பொய்யை அந்த அம்மா இத்தனை ஆண்டுகளாக நம்பி, பிடித்த சோற்றையும் துறந்து, பத்தியம் காப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டு நமக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

கணக்கைப் பார்ப்போம். கடையில் பொட்டலமாக வரும் வெட்டிய வெள்ளை ரொட்டியில் ஒரு துண்டு ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். அதில் சுமார் 80 கலோரி. மாவுச்சத்து 14, 15 கிராம். புரதம் இரண்டரை கிராம். நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறுவது அரிது. நாலு துண்டு என்றால் மாவுச்சத்து 60 கிராமை நெருங்கிவிடுகிறது. ஒரு கிண்ணம் வெந்த சோற்றில் இருப்பதோ சுமார் 45 கிராம்தான். ஆக அந்த அம்மா எதை விட்டு எதற்குப் போயிருக்கிறார்? ஒரு கிண்ணம் சோற்றை விட்டு, ஒன்றேகால் கிண்ணம் சோற்றுக்குச் சமமானதைத் தின்றுகொண்டிருக்கிறார்! கூடவே, சோற்றில் இல்லாத உப்பு ரொட்டியில் இருக்கிறது. நாலு துண்டில் ஏறத்தாழ ஒன்றே கால் முதல் ஒன்றரை கிராம் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புண்ணுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரொட்டி நாக்கில் கரிக்காது. ஆகவே அதில் உப்பு இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

"ரொட்டி மெதுவாகச் செரிக்கும், இரத்தத்தில் இனிப்பை ஏற்றாது" என்று இன்னொரு புரளி. ஓர் உணவு இரத்தத்தில் இனிப்பை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்கு மருத்துவ உலகில் ஓர் அளவுகோல் உண்டு. குளுக்கோசுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளை அளப்பார்கள். 2008-இல் வெளியான பன்னாட்டு அட்டவணையில் வெள்ளை ரொட்டிக்குச் சராசரி 75; வெள்ளைச் சோற்றுக்கு 73. இரண்டும் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை: முழுக் கோதுமை ரொட்டிக்கு 74. பழுப்பு நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கும் அந்த அட்டவணை பதில் சொல்லிவிடுகிறது. நன்றாக அரைத்துப் பொடியாக்கிவிட்டால், தவிடு இருந்தாலும் மாவு மாவுதான், வேகமாகவே கரையும். முழுக் கோதுமையின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நூறு கிராமுக்கு ஆறு, ஏழு கிராம் நார்ச்சத்தும், தவிட்டிலும் முளையிலும் இருக்கும் சத்துகளும் அதில் தங்குகின்றன. அது உண்மையான நன்மை. ஆனால், "பழுப்பு ரொட்டிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம்" என்பவர் நம் அம்மாவைப் போலவே ஏமாந்தவர்தாம்.

இது ஒரு வீட்டு விவகாரமா? 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு என்ன சொல்கிறது? மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் இனிப்பு நீர் நோய். இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்! நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம் நம்முடையது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ஒருவர் நோயாளி. இப்படிப்பட்ட சமூகத்திற்குள் "ரொட்டி மருந்து" என்ற பேச்சு உலவுவது வேடிக்கையல்ல, வினை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் உயர்ந்தது என்ற மயக்கத்திற்கு இந்த மண்ணில் ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்தாயிற்று. அந்த வரலாறு நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஆகவே சற்று நின்று சொல்ல வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரக்கும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களிலே வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலில், அதே மழையில் வேலை செய்த தமிழ்க் கூலிகளை அந்த நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. ஏன்? நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. இதில்தான் சூட்சுமம் என்று அவர் வாதாடினார். 1907-இல் பெரியதொரு நூலே எழுதி வெளியிட்டார்.

1905, 1906-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். ஒரு பக்கத்திற்குத் தீட்டிய சயாம் அரிசி. மறுபக்கத்திற்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிப் பக்கத்தில் பலருக்குப் பெரிபெரி வந்து, 18 பேர் மாண்டனர். புழுங்கல் பக்கத்தில் அந்த நோய்க்கு ஒருவரும் பலியாகவில்லை. பின்னர் 1907 முதல், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், காட்டிற்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்தனர். பிரிவுகளை மாற்றிப் போட்டும் பார்த்தனர். வெள்ளை அரிசி போன பக்கமெல்லாம் நோயும் போயிற்று. (சோதனைக்கு உட்பட்டவர்கள் யார் என்று பாருங்கள்: மனநோயாளிகளும் கூலிகளும்! எந்தத் துரையின் சாப்பாட்டு மேசையிலும் இந்தச் சோதனை நடக்கவில்லை.)

நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1 என்ற உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிக்கொள்கிறது. அதன்பின் தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. தஞ்சையிலும் வடஆர்க்காட்டிலும் நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு உயிர்ச்சத்து என்ற சொல்லே தெரியாது. உலகத்திற்கும் அப்போது தெரியாது. 'வைட்டமின்' என்ற பெயரே 1912-இல்தான் பிறந்தது. தெரியாமலே அந்தப் பழக்கம் நம்மைக் காத்தது. அதை நாம் என்ன செய்தோம்? கையில் கொஞ்சம் காசு புரண்டதும், "புழுங்கல் கூலிக்காரன் அரிசி" என்று ஒதுக்கிவிட்டு, பளபளக்கும் வெள்ளை அரிசிக்குத் தாவினோம். இப்போது அதையும் விட்டு, அதைவிட வெள்ளையான, அதைவிட மிருதுவான பஞ்சு ரொட்டிக்கு வந்திருக்கிறோம்.

கோதுமைக்கும் அதே கதைதான். மாவு ஆலையில் தவிடும் முளையும் நீக்கப்பட்டு, நூறு பங்கு கோதுமையில் எழுபது, எழுபத்தைந்து பங்கு வெள்ளை மாவாக வெளிவருகிறது. போன கால் பங்கோடு நார்ச்சத்து போகிறது. பி1 சத்தின் பெரும்பகுதி போகிறது. இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் போகிறது. பிறகு சில ஆலைக்காரர்கள் எடுத்ததில் கொஞ்சத்தைத் தூளாகத் திரும்பச் சேர்த்து, "சத்தூட்டப்பட்டது" என்று உறையில் அச்சடிக்கிறார்கள். சேர்ப்பது நல்லதே, வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சட்டைப்பையிலிருந்து பத்து வெள்ளியை எடுத்துக்கொண்டு இரண்டு வெள்ளியைத் திருப்பித் தருகிறவரை வள்ளல் என்று கொண்டாட நம்மால் முடியவில்லை!

இந்தத் துண்டு ரொட்டி எப்படித்தான் பிறந்தது? 1928-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் சில்லிகாத்தி என்ற ஊரில், ஓட்டோ ரோவெடர் என்பவர் செய்த இயந்திரம் வெட்டிய ரொட்டி முதன்முதலாகக் கடைக்கு வந்தது. அமெரிக்கருக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், 1943 ஜனவரியில் போரைக் காரணம் காட்டி வெட்டிய ரொட்டியை அரசு தடை செய்தபோது வீட்டுப் பெண்கள் கொதித்தெழுந்தனர். இரண்டு மாதம் முடிவதற்குள் தடை பறந்தது. 1961-இல் இங்கிலாந்தின் சார்லிவுட் ஆராய்ச்சிக் கூடத்தில் வேறொரு முறையைக் கண்டார்கள். மாவை மணிக்கணக்கில் புளிக்க வைக்காமல், இயந்திரத்தில் போட்டுச் சில நிமிடம் வெகு வேகமாகப் பிசைந்தால் போதும், ரொட்டி உப்பிவிடும். நேரம் மிச்சம், ஆள் மிச்சம், இலாபம் மிகுதி. உலகெங்கும் ரொட்டி பஞ்சானது இப்படித்தான்.

அதே 1928-இல், நமது ஜார்ஜ் டவுனில் டிரான்ஸ்ஃபர் சாலையில் இஸ்மாலியா ரொட்டிக் கடை தொடங்கியது. 'ரொட்டி பெங்காலி' என்று பினாங்கே அறிந்த ரொட்டி அது. வங்காளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தமிழ் முஸ்லிம்கள் பங்குபோட்டு நடத்தியதால் 'பங்காளி ரொட்டி' ஆகி, மலாய் நாக்கில் புரண்டு பெங்காலி ஆகிவிட்டது என்பது பினாங்கில் வழங்கும் கதை. பங்காளிகள் என்றால் சண்டை போடுவார்கள் என்பதுதான் நாம் அறிந்தது. சேர்ந்து ரொட்டியும் சுடுவார்கள் போலும்!

அந்த ரொட்டியும் வெள்ளை மாவுதான். உள்ளூர் ரொட்டி என்பதற்காக அதை அமிர்தம் என்று புகழ மாட்டோம். வேறுபாடு எங்கே என்றால், அதைத் தின்னும் முறையில். மேலோடு முறுகிய கெட்டி ரொட்டியைக் கனமாக அறுத்து, பருப்புக் கறியிலோ மீன் கறியிலோ தோய்த்துத் தின்பது பினாங்கு வழக்கம். பாதி வேகவைத்த முட்டையோடு தின்பார்கள். கோதுமைப் புரதத்தில் 'லைசின்' என்ற பகுதி குறைவு. பருப்பில் அது மிகுதி. இரண்டும் ஒரே தட்டில் கூடினால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியின் இரகசியமும் இதுவே. பஞ்சு ரொட்டி வந்தபிறகு நடந்தது என்ன? பருப்பு போயிற்று, மார்ஜரினும் சீனியும் வந்தன, காயா வந்தது, ஜாம் வந்தது. அடுப்பு மூட்ட வேண்டாம், தட்டு கழுவ வேண்டாம். பொட்டலத்தைப் பிரி, தடவு, தின்னு, ஓடு.

கெடுதலின் பாதி ரொட்டியில் இல்லை. ரொட்டியோடு வரும் கூட்டாளிகளிடம் இருக்கிறது. இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அது முதல் பார்வைக்கு என் கட்சிக்கு எதிரானது போலத் தோன்றும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பசியால் மெலிந்திருந்த ஜெர்மன் அனாதைக் குழந்தைகளிடம் இங்கிலாந்து ஆய்வாளர்களான மெக்கேன்ஸும் விடோசனும் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். டூயிஸ்பர்க் நகரத்து விடுதியில் சில குழந்தைகளுக்கு வெள்ளை ரொட்டி, சிலருக்குச் சத்தூட்டிய வெள்ளை ரொட்டி, சிலருக்கு முழுக் கோதுமை ரொட்டி; உணவில் முக்கால் பங்கு ரொட்டியே. 1954-இல் அறிக்கை வந்தது. எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நன்கு வளர்ந்திருந்தனர்! ரொட்டி ஆலைக்காரர்கள் இதைக் கேட்டால் குதூகலிப்பார்கள். ஆனால் ரொட்டியோடு அந்தக் குழந்தைகள் உண்டது என்ன? காய்கறி, உருளைக்கிழங்கு, சூப்பு. அவற்றுக்கு மேல் உயிர்ச்சத்துகளும் கொடுக்கப்பட்டன. டின் பாலில் நனைத்த ரொட்டியை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அந்த டின் பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் 'பால்' என்று வாங்கும் பல டின்களின் மேல் இன்று 'கிரிமர் மானிஸ்' என்றே எழுதியிருக்கிறது. பாதி சீனி, பால்கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்பனை எண்ணெய். குலை வெட்டிச் சுமந்தவர் நாம். அந்த எண்ணெய் ஆலைக்குப் போய், சீனியைக் கூட்டிக்கொண்டு, டின்னுக்குள் ஒளிந்து, நம் தேத்தண்ணீருக்கே திரும்பி வருகிறது, நம்மிடமே விலை வாங்கிக்கொண்டு! இரண்டு கரண்டி ஊற்றினால் இருபது கிராம் சீனி. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் நிறுத்துவது நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரே குவளையில் நாள் முடிந்துவிட்டது.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1970கள் தொட்டுச் சீனிக்கு எதிராகக் கத்திக்கொண்டே இருக்கிறது. அதை நீண்ட காலம் தலைமை தாங்கி நடத்திய எஸ். எம். முகமது இட்ரிஸ் 2019-இல் மறைந்தார். தமிழிலும் ஏடு நடத்தியது அந்தச் சங்கம். அவர்கள் கத்தியதை நாம் காதில் வாங்கினோமா? பட்டணத்துக்காரர் பேச்சு என்று விட்டுவிட்டோம்.

இனி மறுபக்கத்தாரிடம் வருகிறேன். "அதனால்தான் சொல்கிறோம், எல்லாரும் பழைய சோற்றுக்குத் திரும்புங்கள், நம் முன்னோர் உணவில் எல்லாச் சத்தும் இருந்தது" என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு கூட்டம். ஐயா, எந்த முன்னோர்? கொக்கிப்புழுவாலும் இரத்தச்சோகையாலும் வெளுத்துப்போய், கைக்குழந்தையைப் புதைத்துவிட்டு மறுநாள் பெரட்டுக்கு நின்ற முன்னோரா? தோட்டத்துப் பழைய தட்டில் சோறு குவியலாக இருந்தது. கறி தொட்டுக்கொள்ளும் அளவே இருந்தது. கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்து மூன்று கவளம் சோற்றை இறக்கியவர்கள் நம் பெற்றோர். நானூறு, ஐந்நூறு மரம் ஏறி இறங்கி வெட்டியதால் அந்தச் சோறு உடம்பில் எரிந்துபோயிற்று. இன்று தொழிற்சாலையில் எட்டு மணி, பன்னிரண்டு மணி ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் அந்தப் பேரப்பிள்ளைக்கு அதே குவியல் சோறு எரியுமா? கடந்த காலத்தின்மீது பக்தி கொள்ளலாம். அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

படித்த பெரியவர்கள் சிலர் வேறு விதமாகப் பேசுகிறார்கள். "தொழிலாளிக்கு அறிவில்லை, நல்லதைத் தின்னத் தெரியவில்லை" என்கிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையாகவே இரத்தம் கொதிக்கிறது. பத்து காவானைப் பாருங்கள். தோட்டமாக இருந்தது தொழிற்பேட்டையாகிவிட்டது. லயங்கள் போயின, மக்கள் அடுக்குமாடிகளில் அடைந்தனர். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்த நாளிலிருந்து விடியுமுன் பேருந்து ஏறுகிறாள் தோட்டத்து மகள். ஐந்து மணிக்குப் பேருந்து என்றால், நாலு மணிக்கு எழுந்து உளுந்தும் அரிசியும் ஆட்டிக்கொண்டிருப்பாளா? எண்பது காசு, ஒரு வெள்ளி கணக்குப் பார்க்கும் கைக்கு, அடுப்பில்லாமல் ஆளுக்கு இரண்டு துண்டு வைக்கும் ரொட்டிப் பொட்டலம் உதவியாகத்தானே தெரியும்? அவளுக்கு அறிவில்லை என்று சொல்கிறவர் ஒரு வாரம் அந்தப் பேருந்தில் போய் வரட்டும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஏட்டில் இருக்கிறது. ஆனால் குலைக்கும் எடைக்கும் கூலி என்ற முறையில் வேலை செய்கிறவன் உட்கார்ந்து தின்னும் ஒவ்வொரு நிமிடமும் அவன் கூலியிலிருந்தே கழிகிறது. ஆகவே நின்றுகொண்டே விழுங்கக்கூடிய உணவுதான் அவனுக்கு வசதி. 2025 பிப்ரவரி முதல் குறைந்த சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்றானது. அந்த 1,700-இல் வாடகை, பேருந்து, பள்ளிச் செலவு போக, காலை உணவுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையும் அந்தப் பெரியவர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

அரசாங்கமும் தன் பங்குக்குத் தராசின் ஒரு பக்கத்தை அழுத்தியே வந்திருக்கிறது. சாதாரண வெள்ளைக் கோதுமை மாவு ஒரு கிலோ பொட்டலத்தை 1 வெள்ளி 35 காசுக்கு விற்க மானியம் கொடுத்தது. ஏழைக்கு உதவும் நோக்கம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தவிடு நீங்காத ஆட்டா மாவுக்கு ஏன் அந்தச் சலுகை இல்லை? பருப்புக்கு ஏன் இல்லை? சத்துக் குறைந்ததை மலிவாக்கிவிட்டு, சத்துள்ளதைச் சந்தை விலைக்கு விட்டுவிட்டால், ஏழையின் கை எதை எடுக்கும்? பிறகு ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்திற்கும் அதே அரசாங்கம்தான் பணம் செலவழிக்கிறது. இந்தக் கணக்கு எந்தக் கிராணி எழுதிய கணக்கோ!

மேலே சொன்ன அம்மா, நான் இவ்வளவையும் சொல்லி முடித்ததும் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "சோறும் ஆகாது, ரொட்டியும் ஆகாதுன்னா, நான் மண்ணையா திங்கிறது?" நியாயமான கேள்வி. சோறும் ஆகும், ரொட்டியும் ஆகும் என்றேன். ரொட்டி என்றால் இரண்டே துண்டு. கூடவே ஒரு கிண்ணம் பருப்பு அல்லது ஒரு முட்டை, வீட்டுப் பின்னால் முளைக்கும் முருங்கைக் கீரை ஒரு கைப்பிடி. சோறு என்றால் புழுங்கல் அரிசியில் அளவாக ஒரு கிண்ணம். தட்டில் பாதிக்குக் காய். தேத்தண்ணீரில் டின் பால் கூடாது. மருந்தையும் ஊசியையும் டாக்டர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சாப்பாட்டை மாற்றும் நாளிலேயே அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் கவனமாகக் கேட்டார். டின் பால் விஷயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சங்கத்தின் முன் வேலை இருக்கிறது. ஆட்டாவுக்கும் பருப்புக்கும் மானியம் கேட்பது ஒன்று. இன்னொன்று, தோட்ட மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையிலும் இனிப்பு நீர் நோயாளிகளுக்குத் தமிழில், நம் தட்டில் இருக்கும் சாப்பாட்டை வைத்து, விளக்கம் சொல்லும் ஏற்பாடு. ஆங்கிலத்தில் அச்சடித்த படத்தில் ஆப்பிளையும் புரோக்கோலியையும் காட்டினால் லயத்து அம்மாவுக்கு என்ன புரியும்? காலை அரை மணி ஓய்வுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்பதையும் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் மேசையில் வைக்க வேண்டும். சம்பள உயர்வு கேட்கும்போது இதைச் சில்லறை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம் தலைவர்களிடமும் உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்குமுன் நாமே செய்யக்கூடிய ஒரு காரியம். மலேசியச் சட்டப்படி பொட்டல உறையில், எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் சேர்மானங்களை அச்சிட வேண்டும். பழுப்பு ரொட்டி என்று வாங்குகிறீர்களா? முதற் பெயர் வெறும் 'தெப்போங் கண்டும்' என்றிருந்தால் அது வெள்ளை மாவு. நிறம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 'மில் பெனுஹ்' என்ற சொல் முதலில் நிற்கிறதா என்று பாருங்கள். சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, உப்பைக் குறிக்கும் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்பதையும் பாருங்கள். இந்த வாரம் வீட்டில் தீர்ந்த ரொட்டி உறையையும் டின் பாலின் மேல் தாளையும் குப்பையில் எறியாமல் மடித்து வையுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அவற்றைக் கொண்டு வாருங்கள். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எல்லா உறைகளையும் மேசையில் பரப்பி, அந்தப் பிள்ளைகளைவிட்டு உரக்கப் படிக்கச் சொல்வோம்.